மெடிக்கல் கவுன்சிலிங்: துண்டு போட்டுப் பிடிக்கிற சீட் இல்லை இது

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. கரண்ட் பில் கட்டுவதில் இருந்து கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் கம்ப்யூட்டரில் செய்கிற எல்லா வேலையும் நடக்கும். நீட் ரிசல்ட் வந்து கவுன்சிலிங் தொடங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். கையில் ஒரு காகிதம் இருக்கும், அதில் ஐந்தாறு கல்லூரிப் பெயர். எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "அண்ணா, கிடைக்கிற காலேஜா பார்த்து முதல்ல போடுங்கண்ணா."

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். 2022-இல் ஒரு பையன், அப்பா இல்லை, அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். நல்ல ரேங்க். கோவை மெடிக்கல் காலேஜ் என்றால் அவனுக்கு உயிர், எட்டாவது படிக்கும்போது அவன் அம்மாவை அங்கே சேர்த்து இருபது நாள் கூடவே இருந்தவன். நான் போன வருடத்து மார்க்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, கோவை உனக்கு வராது, அதை முதலில் போட்டு சாய்ஸை வீணாக்காதே" என்று சொல்லி, உறுதியாகக் கிடைக்கும் என்று தோன்றிய ஒரு புதுக் கல்லூரியை ஒன்றாவது இடத்தில் போட்டேன். கோவையை நான்காவதாகத் தள்ளினேன். அவன் எதுவும் சொல்லவில்லை, பெரியவர் சொல்கிறார் என்று பட்டியலை மாற்ற முடியாதபடி லாக் செய்துவிட்டான்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. கேட்டது கிடைத்தது, ஒன்றாவது சாய்ஸ். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ராத்திரி கடையைச் சாத்துவதற்கு முன்னால் அந்த பிடிஎஃப்பைச் சும்மா உருட்டிப் பார்க்கிறேன், அவனுக்குப் பின்னால் பதினேழு ரேங்க் தள்ளி இருந்த ஒரு பையன், அதே பி.சி. பிரிவு, கோவை மெடிக்கல் காலேஜில் சீட் வாங்கியிருக்கிறான். அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தோம், அவன் பிரிவில் கோவையில் ஒரு இடம்கூடக் காலியாகவில்லை. அவனிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவால்லைங்கண்ணா, டாக்டர் சீட்டுதானே" என்றான். அந்தப் "பரவால்லை" இன்னும் எனக்கு இறங்கவில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தத் தப்பை நம் ஊரில் பாதிப் பேர் இன்னும் செய்கிறார்கள். கல்லூரிகளை வரிசையாக அடுக்கிக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் என்பது டவுன்பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என்று நினைக்கிறோம், முதல் துண்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் நமக்கு இடம், தப்பான சீட்டில் போட்டால் போச்சு என்று. அது அப்படி வேலை செய்வதில்லை. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு ஆளாக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலில் ஒன்றாவது கல்லூரியில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. இருபது கல்லூரி தாண்டி இருபத்தொன்றாவதில் இடம் இருந்தாலும் அது உங்களுக்குத்தான், உங்களுக்குப் பின்னால் இருக்கிறவன் அதை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும் அவனால் பிடுங்க முடியாது. அதனால் மேலே எட்டாத கல்லூரிகளைப் போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆசைப்படுகிற வரிசையில்தான் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்கிறபோது ஐந்தாறோடு நிறுத்துவதும் தப்பு, தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியே 36 இருக்கிறது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மகள் நீட் எழுதியது 2024-இல். அந்த வருடக் கூத்து எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் 4 அன்று ரிசல்ட், 720-க்கு 720 வாங்கினவர்கள் 67 பேர். பிறகு 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண்ணை எடுத்தார்கள், மறுதேர்வு வைத்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய், ஜூலை 26-ஆம் தேதி திருத்திய ரிசல்ட் வந்தபோது முழு மார்க் 17 பேருக்குத்தான். இதற்கு நடுவில் என் மகள் வாங்கின மார்க்கை 2023 கட்ஆஃபோடு வைத்துப் பார்த்துவிட்டு நாங்கள் வீட்டில் கேசரி கிண்டிவிட்டோம். மாநில ரேங்க் பட்டியல் வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் வாங்கின மார்க்குக்கு மேலே எவ்வளவு பெரிய கூட்டம் நிற்கிறது என்று. அதற்கு அடுத்த வருடம் நேர்எதிர். 2025-இல் பிசிக்ஸ் கழுத்தை அறுத்தது, நாட்டிலேயே முதல் மார்க் 686-தான். கடைக்கு வந்த ஒரு அம்மா 2024 மார்க்கோடு ஒப்பிட்டு, மகளுக்கு சீட்டே கிடையாது என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெண் இப்போது அரசுக் கல்லூரியில் படிக்கிறாள்.

அதனால்தான் என் மகளின் மார்க்கை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதைப் பிடித்துக்கொள்வீர்கள். பார்க்க வேண்டியது ரேங்க். நம் மாநிலத்தில் கவுன்சிலிங் நடத்துகிற தேர்வுக் குழு போடுகிற முந்தைய வருடத்து ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, நம் பிரிவில், நம் கம்யூனிட்டி ரேங்குக்கு (பி.சி., எம்.பி.சி. என்று அவரவர் பிரிவுக்குள் வரும் ரேங்க்) முன்னும் பின்னும் ஐம்பது பேர் எந்தெந்தக் கல்லூரிக்குப் போனார்கள் என்று பார்த்தால் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். குத்துமதிப்புதான், மனதைத் தயார் செய்துகொள்ளத்தான். அதை வைத்து வரிசையை மாற்றக் கூடாது, நான் பட்டது போதும்.

இன்னொன்று, கவுன்சிலிங் ஒன்று இல்லை, இரண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதை டெல்லியில் மத்திய அரசின் குழு நடத்துகிறது. மீதி 85 சதவீதம் நம் மாநிலத் தேர்வுக் குழு, அதற்கு 69 சதவீத இட ஒதுக்கீடு. ஜிப்மர், எய்ம்ஸ் எல்லாம் டெல்லிப் பக்கம். இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கிற பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்குத்தான் செல்லும். டெல்லிப் பக்கம் ஓ.பி.சி. சான்றிதழ் கேட்பார்கள், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டில் இருந்து விலக்கப்பட்ட பிரிவில், இல்லை என்று எழுதி, தாசில்தார் கையெழுத்தோடு. ரிசல்ட் வந்த பிறகு அதற்கு விண்ணப்பித்தால் ரெவென்யூ ஆபீஸில் எல்லோரும் அதே வேலைக்கு நிற்பார்கள். நான் மகளுக்கு மார்ச் கடைசியிலேயே போட்டு, ஏப்ரலில் புதுத் தேதியோடு வாங்கி வைத்தேன், ஊருக்கு உபதேசம் செய்கிறவன் அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

பட்டியல் போடுகிற வேலைக்கு ஒரு பழைய இலை எடை நோட்டை எடுத்தோம். எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை இருக்கிறது, பச்சை இலை எத்தனை கிலோ போட்டோம் என்று ஃபேக்டரியில் எழுதிக் கொடுக்கிற நோட்டு. அதன் பின்பக்கத்தில் மகள் கல்லூரிகளை எழுத, என் மனைவி முதல் வரியிலேயே ஊட்டி என்று எழுதச் சொன்னாள். நியாயம்தான். வீட்டில் இருந்து முப்பது கிலோமீட்டர். நம் மாவட்டத்துக்கென்று வந்த கல்லூரி, பதினொரு புதுக் கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரியில் திறந்தது, 150 இடம். ஹெச்.பி.எஃப். ஃபிலிம் கம்பெனி இருந்த பக்கம் கட்டினார்கள். நாங்கள் பட்டியல் போட்ட நேரத்தில் 700 படுக்கை ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், திறப்பு விழா 2025 ஏப்ரலில்தான் நடந்தது. மகளுக்கு ஊட்டி முதலில் வேண்டாம். "அம்மா, ஊட்டில சேர்ந்தா சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருப்பேன், ஞாயித்துக்கிழமை இலை பறிக்கப் போவேன், திங்கக்கிழமை காலைல அனாடமி எழுதுவேன்" என்றாள். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் சொன்னதில் பொய் இல்லை, அதனால் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இப்படியே பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று அவளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். காலை முதல் பஸ், மேட்டுப்பாளையத்தில் மாறி, ஒன்பது மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் நின்றோம். வார்டுக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். கை நசுங்கின ஒரு தொழிலாளி, கிழிந்த பனியனைச் சுற்றிக்கொண்டு வந்தார். படிப்பின் கடைசி வருடப் பயிற்சியில் இருக்கிற ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், இருபத்திமூன்று வயது இருக்கும், கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, அவரிடம் பேச்சுக் கொடுத்தபடியே அந்தத் துணியைத் தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகப் பிரித்தாள். அவர் வலியில் கத்தினார், இவள் கை நடுங்கவில்லை. என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கை கழுவப் போகும்போது பின்னாலேயே போய், "அக்கா, இங்க படிக்க நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். "நல்லா இருக்குமான்னு தெரியாதும்மா, உட்கார நேரம் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அவள். மகளுக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே போனதால் தெரிந்த இன்னொரு விஷயம், 1966-இல் தொடங்கின அந்தக் கல்லூரி இருப்பது அவிநாசி ரோட்டில், ஆஸ்பத்திரி இருப்பது இங்கே, நடுவில் பல கிலோமீட்டர். வகுப்பு ஒரு இடம், வார்டு ஒரு இடம், தினமும் பஸ். இதை எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்க மாட்டார்கள். சேலத்திலும் இதே கதைதான், கல்லூரி ஸ்டீல் பிளான்ட் ரோட்டில், ஆஸ்பத்திரி ஊருக்குள். ஹாஸ்டல் எங்கே இருக்கிறது, ராத்திரி டியூட்டி முடிந்து எப்படித் திரும்புவார்கள் என்று பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். அப்புறம் கோயம்புத்தூர் என்ற பெயரில் இரண்டு அரசுக் கல்லூரி வரும், ஒன்று இது, இன்னொன்று சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. அவசரத்தில் ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக் கிளிக் செய்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் நான் செய்த ஒரே புத்திசாலி வேலை, அந்த 2022 பையனுக்கு போன் போட்டது. லீவில் ஊருக்கு வந்திருந்தான். கடைக்கே வந்து நோட்டைப் பார்த்தான். எதையும் மாற்றச் சொல்லவில்லை, ஒவ்வொரு பெயருக்கும் "இது ஏன் இதுக்கு மேல?" என்று மட்டும் கேட்டான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜை முதலில் எழுதியிருந்தாள், 1835-இல் தொடங்கினது, வருடத்துக்கு 250 பேர். ஏன் என்று கேட்டதற்கு "எல்லாரும் அதைத்தானே முதல்ல போடறாங்க" என்றாள். "எல்லாரும் போடறாங்கன்னா அது உன் லிஸ்ட் இல்லையேம்மா" என்றான். அவள் கோவையை மேலே தூக்கினாள். தான் படிக்கிற புதுக் கல்லூரியைப் பற்றி அவன் சொன்னதையும் எழுத வேண்டும், ஏனென்றால் நான் அவனுக்குக் கெடுதல் செய்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கல்லூரியில் பெரிய சிறப்புப் பிரிவுகள் எல்லாம் இன்னும் வரவில்லை, சீனியர் என்று கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு, அது உண்மை. ஆனால் வாத்தியாரிடம் நேராகப் போய்ச் சந்தேகம் கேட்க முடிகிறது, லேப் எல்லாம் புதுசு. பட்டம் கொடுப்பது எல்லோருக்கும் அதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான், பி.ஜி.க்கு எழுதப்போவதும் ஒரே நுழைவுத்தேர்வுதான் என்றான். நாலரை வருடப் படிப்பைவிட, கடைசி ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் வித்தியாசம் என்றான்.

தனியார் கல்லூரி விஷயத்தில் நாங்கள் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. கோவையில் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.ஹெச். என்று பக்கத்திலேயே இருக்கின்றன, அரசு ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் இருபதாயிரத்துக்குள் முடியும், இங்கே அரசு ஒதுக்கீட்டிலேயே நாலு லட்சத்துக்கு மேல், ஹாஸ்டல் தனி. நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தோட்டத்தை விற்றாலும் மூன்றாவது வருடத்தோடு பணம் தீர்ந்துவிடும். சும்மா கடைசியில் போட்டு வைப்போம் என்றாள் மனைவி. சும்மா போடுகிற வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கிடைத்தால் சேரமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் போடவே கூடாது. டெல்லி கவுன்சிலிங்கில் முதல் சுற்றில் கிடைத்ததை விட்டுவிட்டால் பணம் போகாது, இரண்டாவது சுற்றில் விட்டால் கட்டின டெபாசிட் போய்விடும். மாநில விதி வருடா வருடம் மாறுகிறது, அந்த வருடத்துத் தகவல் குறிப்பேட்டை முழுதாகப் படிக்காமல் லாக் பட்டனைத் தொடாதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பதிவதற்கே இரண்டு லட்சம் டெபாசிட், அந்தப் பக்கம் நாங்கள் திரும்பவே இல்லை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட் ஒருத்தர் என் கடையில் நோட்டீஸ் வைக்கக் கேட்டார். படித்துவிட்டு இங்கே டாக்டராக வேண்டுமென்றால் 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருட இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யத் தகுதி, இங்கே வந்து மறுபடி தேர்வு, இதெல்லாம் நோட்டீஸில் இருக்கிறதா என்று கேட்டேன். நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரனாகச் சில சின்ன விஷயங்கள். பதிவு செய்யும்போது கடைக்காரரின் போன் நம்பரையோ மெயிலையோ போட விடாதீர்கள், ஓ.டி.பி. எங்கள் போனுக்கு வரும், நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருப்போம். ஒரிஜினல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், லேமினேஷனில் எனக்கு வருமானம் இருந்தும் சொல்கிறேன். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, நீட்டில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் பதினொன்றாவது படிக்கும்போதே சரிசெய்யுங்கள். நீட் விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோவில் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் வயநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் இருப்பிடச் சான்றிதழ் சமாச்சாரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு பெரிய வரம், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. நம் மலையில் மிஷன் பள்ளிகள் நிறைய, ஏழாவது வரை அங்கே படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்த ஒரு பெண் இது தெரியாமல் கடைசி நாள் வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

லாக் செய்ய வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி மழை, மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "ஊட்டியை மேல போட்டா கண்டிப்பாக் கிடைச்சிடும்ல?" என்றாள். எனக்கும் அந்த நேரத்தில் மனம் இறங்கிவிட்டது. ஆகஸ்ட் குளிர், இருட்டு, பிள்ளை தூரமாகப் போகப்போகிறாள். மவுஸைப் பிடித்து ஊட்டியை எட்டாவது இடத்தில் இருந்து இழுத்து ஒன்றாவதில் வைத்துவிட்டேன். மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த அண்ணனுக்குப் பண்ணினதையே எனக்கும் பண்றீங்களா?" என்றாள், அவ்வளவுதான். எழுந்து நாற்காலியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவளே எல்லாவற்றையும் நோட்டில் இருந்தபடி திரும்ப அடுக்கி, லாக் செய்து, பிரின்ட் எடுத்தாள்.

கிடைத்தது ஏழாவது சாய்ஸ், சேலம் மோகன் குமாரமங்கலம். ஆறும் தாண்டி ஏழில் நின்றது. முதல் ஆறு கல்லூரியையும் போட்டதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மனைவி கேட்ட முதல் கேள்வி, "சேலத்துல குளிருமா?"

எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது, கோத்தகிரியில் அதற்கு என்ன வேலை? முதல் மாதம் ஹாஸ்டலில் ஃபேன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று தினமும் போன். இப்போது இரண்டாவது வருடம், போன லீவுக்கு வந்தவள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டரும் கம்பளியுமாக எழுந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, ஒரு டேபிள் ஃபேன் வாங்குங்கப்பா என்கிறாள். மறுநாள் எலக்ட்ரிகல் கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் கேட்டுப் பாருங்கண்ணா என்றார்.